ஸ்லைடில் அனிமேஷன் மக்கர் பண்ணுகிறதா? கோளாறு வாரியாகப் பார்ப்போம்

குன்னூரில் ஜெராக்ஸ், பிரிண்ட், டைப்பிங் என்று ஓடும் சின்னக் கடை நம்முடையது. அறிவியல் கண்காட்சிக்குப் போகிற பிள்ளைகள், ஒன்பது மணி வகுப்புக்கு எட்டரைக்கு வந்து நிற்கும் டீச்சர்கள், சிறு தேயிலை விவசாயிகள் கூட்டத்தில் பேசப் போகிறவர்கள், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் என்று பல பேர் பென் டிரைவை நீட்டிவிட்டு "அண்ணா, அனிமேஷன் ஓடலை" என்பார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றுதான், உள்ளே திறந்து பார்த்தால் ஆளுக்கொரு கோளாறு. அதில் முக்கால்வாசி எஃபெக்டின் கோளாறே இல்லை. எது எதற்குப் பின்னால் கிளம்ப வேண்டும், எதைத் தொட்டால் கிளம்ப வேண்டும் என்கிற வரிசையில் வந்த குழப்பம்தான். அதனால் ஃப்ளை இன் சரியில்லை என்று ஜூம் வைத்து, ஜூமும் சரியில்லை என்று பவுன்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும்.

கீழே நான் சொல்லும் மெனு பெயர்கள் எல்லாம் விண்டோஸில் ஓடும் பவர்பாயிண்ட் 2016, அதற்குப் பின் வந்த பதிப்புகளுக்கானவை. லிப்ரே ஆபிஸில் வரும் இம்ப்ரெஸ், கூகுள் ஸ்லைட்ஸ் பற்றித் தேவையான இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அனிமேஷன்ஸ் மெனுவில் அனிமேஷன் பேன் என்பதை அழுத்தினால் வலது பக்கம் ஒரு பட்டியல் திறக்கும். இதைத் திறக்காமல் அனிமேஷனைச் சரிசெய்யவே முடியாது, ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படி ஒன்று இருப்பதையே பார்த்ததில்லை.

பட்டியலில் பச்சை நட்சத்திரம் இருந்தால் அது என்ட்ரன்ஸ், அதாவது இதுவரை கண்ணுக்குத் தெரியாத பொருள் உள்ளே வருவது. மஞ்சள் என்றால் எம்ஃபசிஸ், ஏற்கெனவே ஸ்லைடில் நிற்கும் பொருள் பெரிதாவது, சுற்றுவது, நிறம் மாறுவது. சிவப்பு எக்ஸிட், இருப்பது வெளியே போவது. கோடு போட்டு நகர்த்துவது மோஷன் பாத். பக்கத்தில் மவுஸ் படம் இருந்தால் க்ளிக் செய்தால்தான் கிளம்பும், அது ஆன் க்ளிக். கடிகாரப் படம் இருந்தால் ஆஃப்டர் ப்ரீவியஸ், முந்தையது முடிந்தபின் தானாக வரும். எந்தப் படமும் இல்லை என்றால் வித் ப்ரீவியஸ், முந்தையதோடு சேர்ந்தே கிளம்பும். ரேஷன் கடை வரிசை மாதிரிதான் இதுவும், முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தான் பின்னால் நிற்பவருக்கு வழி.

ஸ்லைடில் பொருளின் ஓரத்தில் சின்னதாக 1, 2 என்று எண் தெரியும். இரண்டு பொருளில் ஒரே எண் இருந்தால் இரண்டும் ஒரே க்ளிக்கைச் சேர்ந்தவை. 0 என்று இருந்தால் ஸ்லைடு வந்ததும் க்ளிக் இல்லாமலே ஓடும். இந்த அளவு தெரிந்தால் கீழே உள்ளதில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

"ஒண்ணுமே அசையலை"

முதலில், நீங்கள் வைத்தது அனிமேஷன்தானா என்று பாருங்கள். ட்ரான்ஸிஷன்ஸ் மெனு வேறு, அனிமேஷன்ஸ் மெனு வேறு. ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்த ஸ்லைடுக்குப் போகும்போது வரும் அசைவு ட்ரான்ஸிஷன். ஸ்லைடுக்குள் இருக்கும் எழுத்தும் படமும் அசைவது அனிமேஷன். ட்ரான்ஸிஷனை மட்டும் வைத்துவிட்டுப் படம் ஏன் நகரவில்லை என்று கேட்பவர்கள் நிறைய.

பேனில் எல்லாம் சரியாக இருந்தும் எஃப்5 அழுத்தினால் எதுவும் ஓடவில்லை என்றால், ஸ்லைட் ஷோ மெனுவில் செட் அப் ஸ்லைட் ஷோ என்பதைத் திறந்து ஷோ வித்அவுட் அனிமேஷன் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ எப்போதோ போட்ட டிக் அந்தக் கோப்போடேயே பென் டிரைவில் சுற்றிக்கொண்டிருக்கும். எடுத்துவிட்டால் எல்லாம் உயிர் பெறும்.

இன்னொன்று, வாட்ஸப்பில் வந்த பிபிடியை அங்கேயே தட்டித் திறந்து பார்த்துவிட்டு அனிமேஷன் இல்லை என்பது. அங்கே தெரிவது வெறும் முன்னோட்டம், அதில் எதுவும் அசையாது. பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினாலும் இதே கதைதான். பவர்பாயிண்ட் செயலியில் திறந்து, ஷோவை ஓட்டிப் பார்த்தபின்தான் பேச்சு.

"எல்லா வரியும் ஒரே சமயத்துல வந்து விழுது"

தேயிலை எப்படித் தயாராகிறது என்று ஒரு ஸ்லைடு, எங்கள் ஊர்ப் பள்ளிகளில் இது இல்லாத வருடமே கிடையாது. கொழுந்து பறித்தல், வாட வைத்தல், சிடிசி மெஷினில் அரைத்தல், நொதிக்க விடுதல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்று ஆறு வரி. ஒவ்வொன்றாக வரவேண்டும், ஒவ்வொன்றுக்கும் நின்று விளக்க வேண்டும். க்ளிக் செய்தால் ஆறும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

எழுத்துப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து எஃபெக்ட் ஆப்ஷன்ஸ் என்பதை அழுத்துங்கள். ஆஸ் ஒன் ஆப்ஜெக்ட், ஆல் அட் ஒன்ஸ், பை பாரகிராஃப் என்று மூன்று இருக்கும். பை பாரகிராஃப் வையுங்கள். இப்போது பேனில் அந்தப் பெட்டியின் கீழே இரட்டை அம்புக்குறி வரும், அதை அழுத்தினால் ஆறு வரியும் தனித்தனியாக விரியும். ஒவ்வொன்றிலும் மவுஸ் படம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒரு வரி வித் ப்ரீவியஸ் ஆகிக் கிடந்தால் அது மட்டும் முந்தைய வரியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

பை பாரகிராஃப் வைத்தும் பிரியவில்லையா? அப்படியானால் நீங்கள் வரிகளை உடைத்த விதத்தில்தான் விஷயம். வெறும் என்டர் அழுத்தினால்தான் புதிய பத்தி. ஷிஃப்டோடு என்டர் அழுத்தினால் வரி மட்டும் கீழே இறங்கும், ஆனால் பவர்பாயிண்டைப் பொறுத்தவரை ஆறு வரியும் ஒரே பத்தி, அதை அது எப்படிப் பிரிக்கும். வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டிய எழுத்தில் இது அடிக்கடி வரும். கண்டுபிடிக்க எளிய வழி புல்லட் போட்டுப் பார்ப்பது: முதல் வரிக்கு மட்டும் புள்ளி வந்து மற்றதற்கு வராவிட்டால் எல்லாம் ஒரே பத்தி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் போய் டெலீட் அழுத்தி, என்டர் தட்டி, அனிமேஷனைப் புதிதாக வையுங்கள்.

அதே எஃபெக்ட் ஆப்ஷன்ஸில் உள்ளே போனால் எழுத்து எழுத்தாக வரவைக்கும் வசதியும் உண்டு. தமிழுக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கொ, கோ மாதிரி எழுத்துகளில் மெய்க்கு இரண்டு பக்கமும் துண்டு நிற்கும். அதை ஒரு மென்பொருள் எப்படி வெட்டும் என்று சபையில் வைத்துச் சோதிக்க வேண்டாம். வேண்டுமானால் பை வேர்ட் வையுங்கள், சொல் சொல்லாக வரட்டும்.

"நான் தொடவே இல்ல, அதுவா ஓடுது"

பேசி முடிப்பதற்குள் ஸ்லைடு தானாக அடுத்ததற்குப் போய்விடுகிறது. ட்ரான்ஸிஷன்ஸ் மெனுவின் வலது கடைசியில் அட்வான்ஸ் ஸ்லைட் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் ஆஃப்டர் என்பதில் டிக் போட்டு நேரம் கொடுத்திருந்தால் அந்த நேரம் ஆனதும் ஸ்லைடு கிளம்பிவிடும், 00:00 என்று இருந்தாலும் டிக் இருக்கும்வரை அது வேலை செய்யும். டிக்கை எடுத்துவிட்டு அப்ளை டு ஆல் அழுத்துங்கள். ஒன்றைக் கவனியுங்கள், அப்ளை டு ஆல் நேரத்தை மட்டும் இல்லாமல் ட்ரான்ஸிஷனையும் சேர்த்து எல்லா ஸ்லைடுக்கும் ஒன்றாக்கிவிடும். ஸ்லைடுக்கு ஒரு ட்ரான்ஸிஷன் வைத்தவர்கள், இடது பக்கப் பட்டியலில் எல்லா ஸ்லைடையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு டிக்கை மட்டும் எடுங்கள்.

ரிஹர்ஸ் டைமிங்ஸ் அழுத்தி ஒத்திகை பார்த்து, கடைசியில் சேமிக்கவா என்று கேட்டதற்கு யெஸ் கொடுத்தவர்களுக்கும் இதுதான் நடக்கும். அவசரத்தில் இருந்தால் ஸ்லைட் ஷோ மெனுவில் யூஸ் டைமிங்ஸ் டிக்கை எடுத்தால் போதும், பதிவான நேரம் அப்படியே இருக்கும், ஆனால் ஓடாது.

"க்ளிக் பண்ணினா படம் வராம அடுத்த ஸ்லைடுக்குத் தாவுது"

வினாடி வினா ஸ்லைடு செய்கிறவர்களின் நிரந்தரத் தலைவலி. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் எது என்று கேள்வி, கீழே நாலு பெட்டி. நீலகிரி என்ற பெட்டியைத் தொட்டால் அது பச்சையாக மாறி 1986 என்று வருடமும் வரவேண்டும். இதற்கு ட்ரிக்கர் வைத்திருப்பார்கள். ட்ரிக்கர் வைத்த அனிமேஷன் பொது வரிசையில் நிற்காது, குறிப்பிட்ட அந்தப் பெட்டியின் மேல் க்ளிக் செய்தால்தான் ஓடும். விரல் கொஞ்சம் விலகி வெற்றிடத்தில் பட்டால், வரிசையில் வேறு எதுவும் இல்லை என்று பவர்பாயிண்ட் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும். ரிமோட் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதி, ஏனென்றால் ரிமோட் அனுப்புவது பேஜ் டவுன் விசையைத்தான், அது எந்தப் பெட்டியையும் தொடுவதில்லை.

அந்த ஸ்லைடுக்கு மட்டும் ட்ரான்ஸிஷன்ஸில் ஆன் மவுஸ் க்ளிக் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி வெற்றிடத்தில் க்ளிக் பட்டாலும் நகராது, ட்ரிக்கர் மட்டும் வேலை செய்யும். அடுத்த ஸ்லைடுக்குப் போகக் கீபோர்டில் வலது அம்பு அழுத்தலாம். இல்லாவிட்டால் ஓரமாக ஒரு ஆக்‌ஷன் பட்டன் வைக்கலாம்.

வேண்டாமலே ட்ரிக்கர் விழுந்திருந்தால், பேனில் அந்த அனிமேஷனுக்கு மேல் ட்ரிக்கர் என்று தனித் தலைப்பு தெரியும். அதை இழுத்து மேலே பொது வரிசையில் விட்டால் சரியாகிவிடும்.

"முதல்லயே தெரியுது, வரவே வேண்டாம்னு நினைச்ச நேரத்துல நிக்குது"

மஞ்சள் நட்சத்திரமா என்று பாருங்கள். எம்ஃபசிஸ் வைத்த பொருள் ஆரம்பத்திலிருந்தே ஸ்லைடில் இருக்கும். மறைந்திருந்து வரவேண்டும் என்றால் பச்சை வேண்டும். சரி, வந்தபின் ஒரு சுற்றுச் சுற்றவும் வேண்டும் என்றால்? இங்கேதான் பல பேர் சிக்கிக்கொள்கிறார்கள். மேலே இருக்கும் எஃபெக்ட் வரிசையில் இன்னொன்றைத் தட்டினால் பழையது போய்ப் புதியது உட்காரும். இரண்டும் வேண்டும் என்றால் ஆட் அனிமேஷன் பட்டன் வழியாகத்தான் இரண்டாவதைச் சேர்க்க வேண்டும்.

பச்சைதான் வைத்திருக்கிறேன், ஆனாலும் முதலிலேயே தெரிகிறது என்றால் அதே படம் இரண்டு பிரதி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஆல்ட்டோடு எஃப்10 அழுத்தினால் செலக்‌ஷன் பேன் வரும், ஸ்லைடில் இருக்கும் ஒவ்வொரு பொருளின் பெயரும் அதில் தெரியும். கண் படத்தை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் கூடுதல் பிரதி அகப்பட்டுவிடும். அங்கேயே பொருள்களுக்குப் பெயரும் வைத்துவிடுங்கள். பிக்சர் 14, பிக்சர் 17 என்று இருப்பதை வரையாடு, சோலை, புல்வெளி என்று மாற்றினால் அனிமேஷன் பேனிலும் அந்தப் பெயரே வரும், எதை நகர்த்துகிறோம் என்று தெரிந்து நகர்த்தலாம்.

"ரயில் பாதியில தாவுது"

மலை ரயில் மோஷன் பாத் இல்லாமல் இந்த மாவட்டத்தில் ஒரு புராஜெக்டும் நடக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர், 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம், எல்லாம் எழுத்தில் சரியாக இருக்கும், ரயில்தான் தடம் புரளும். இதில் வரும் கோளாறுகள் பல வகை.

எஞ்சின் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம் போகிறது என்றால், தனித்தனிப் படங்களுக்குத் தனித்தனிப் பாதை போட்டிருப்பீர்கள். எல்லாவற்றையும் சேர்த்து கன்ட்ரோல் ஜி அழுத்தி ஒரு குரூப் ஆக்கி, அதற்கு அப்புறம் பாதை போடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. அனிமேஷன் வைத்தபின் குரூப் செய்தால் வைத்ததெல்லாம் அழிந்துவிடும், குரூப்பைப் பிரித்தாலும் அப்படித்தான். "நேத்து இருந்துச்சு, இன்னைக்குக் காணோம்" என்பதில் பெரும்பாலானவை இதனால்தான்.

கல்லாறு வரை ஒரு பாதை, அங்கிருந்து குன்னூர் வரை இன்னொரு பாதை என்று போட்டால், இரண்டாவது தொடங்கும்போது ரயில் ஒரே தாவாகப் பழைய இடத்துக்குப் போய் அங்கிருந்து கிளம்பும். ஏனென்றால் புதிய பாதை எப்போதும் பொருள் உண்மையில் நிற்கும் இடத்திலிருந்துதான் போடப்படும், முதல் பாதை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது அதற்குக் கணக்கில்லை. பாதையின் தொடக்கத்தில் பச்சைக் குறியும் முடிவில் சிவப்புக் குறியும் இருக்கும். இரண்டாவது பாதையின் பச்சையை முதல் பாதையின் சிவப்பு மேல் கொண்டுபோய் வையுங்கள். பெரிதாக்கி வைத்துச் செய்தால் சரியாக உட்காரும். இன்னும் எளிது, கஸ்டம் பாத் எடுத்து முழு வழியையும் ஒரே கோடாக வரைந்துவிடுவது.

வளைவில் ரயில் திரும்பாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகும். அது கோளாறு இல்லை, மோஷன் பாத் பொருளை நகர்த்தும், திருப்பாது. திருப்ப வேண்டுமானால் ஸ்பின் எஃபெக்டை வித் ப்ரீவியஸ் ஆகச் சேர்த்து, கோணத்தைக் குறைத்து, டிலே கொடுத்து வளைவு வரும் நேரத்தில் விழவைக்க வேண்டும். நாலைந்து வளைவு இருந்தால் இந்த வேலைக்கு இறங்காதீர்கள்.

நடுவில் வேகம் கூடி, ஓரங்களில் மெதுவாகிறது என்றால் எஃபெக்ட் ஆப்ஷன்ஸில் ஸ்மூத் ஸ்டார்ட், ஸ்மூத் எண்ட் இரண்டையும் பூஜ்யம் ஆக்குங்கள். முடிந்ததும் ரயில் பின்னோக்கியே ஓடி வந்தால் ஆட்டோ ரிவர்ஸ் டிக்கை எடுங்கள்.

சும்மா ஒரு வார்த்தை: கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதையில் நீராவி எஞ்சின் பின்னால் நின்று தள்ளிக்கொண்டுதான் ஏறும், முன்னால் இழுக்காது. படத்தில் எஞ்சினை முன்னால் மாட்டிவிட்டு நாலு எஃபெக்ட் வைத்து என்ன பிரயோஜனம். அப்புறம் அந்தப் பாதையின் அதிகபட்சச் சரிவு ஏறத்தாழ 12-க்கு 1, கோணக் கணக்கில் 5 டிகிரிகூட வராது. ஸ்லைடில் 45 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறார்கள், பார்த்தால் ராக்கெட் போல இருக்கிறது.

"ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு, அடுத்தது வரவே இல்ல"

பல்சக்கரத்துக்கு ஸ்பின் வைத்து ரிபீட் என்பதில் அன்ட்டில் எண்ட் ஆஃப் ஸ்லைட் கொடுத்திருப்பீர்கள். அதற்குக் கீழே இருப்பது ஆஃப்டர் ப்ரீவியஸ். முந்தையது முடியவே போவதில்லை, இது எப்போது வரும். அடுத்ததை வித் ப்ரீவியஸ் ஆக்கி, வேண்டிய அளவு டிலே கொடுங்கள்.

"வீட்டுல சூப்பரா ஓடுச்சு, ஸ்கூல்ல சொதப்புது"

இதற்கு மூன்று இடத்தில் பார்க்க வேண்டும்: பதிப்பு, மென்பொருள், எழுத்துரு.

புதிய பவர்பாயிண்டில் மார்ஃப் என்று ஒரு ட்ரான்ஸிஷன் உண்டு, ஸ்லைடை டூப்ளிகேட் செய்து பொருளை நகர்த்திவைத்தால் இடைப்பட்ட அசைவை அதுவே போட்டுக்கொள்ளும். உண்மையில் மேலே சொன்ன ரயில் வேலைக்கு மோஷன் பாத்தைவிட இதுதான் சுளுவு. ஆனால் 2013 போன்ற பழைய பதிப்பில் மார்ஃப் கிடையாது, அங்கே சாதாரண ஃபேட் ஆக மங்கி மாறும், அசைவு இருக்காது. புதிய பதிப்பிலேயே மார்ஃப் ஒரு படத்தை நகர்த்தாமல் மங்கவைத்து மாற்றுகிறது என்றால், இரண்டு ஸ்லைடிலும் இருப்பது ஒரே பொருள் என்று அதற்குப் புரியவில்லை. செலக்‌ஷன் பேனில் இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுத்து, பெயருக்கு முன்னால் இரண்டு ஆச்சரியக்குறி போடுங்கள், !!ரயில் என்கிற மாதிரி. அப்புறம் சரியாகப் பிடித்துக்கொள்ளும்.

அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும். லினக்ஸ் பக்கம் திறந்தால் கோப்பு லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸில் திறக்கும். சாதாரண என்ட்ரன்ஸ், எக்ஸிட் எல்லாம் அங்கே பெரும்பாலும் ஓடிவிடும், ஆனால் மார்ஃப் ஓடாது, சில எஃபெக்டுகளின் நேரமும் வரிசையும் கலையும். பள்ளியில் இம்ப்ரெஸ்தான் என்று முன்பே தெரிந்தால் அதிலேயே செய்து அதன் சொந்தக் கோப்பு வகையான ஓடிபி (.odp) ஆகச் சேமிப்பது நல்லது. இம்ப்ரெஸில் வலது பக்கப் பட்டையில் நட்சத்திரம் போன்ற படத்தை அழுத்தினால் அனிமேஷன் பட்டியல் வரும், ஆன் க்ளிக், வித் ப்ரீவியஸ், ஆஃப்டர் ப்ரீவியஸ் என்ற அதே மூன்று வகைதான் அங்கேயும்.

கூகுள் ஸ்லைட்ஸில் ஏற்றினால் கத்தரி இன்னும் பலமாக விழும். அங்கே இருப்பது அப்பியர், ஃபேட், ஃப்ளை, ஜூம், ஸ்பின் என்று கொஞ்சம்தான். மோஷன் பாத் எல்லாம் காணாமல் போய்விடும். அங்கே காட்டப் போகிறீர்கள் என்றால் ஃபேட் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துரு கதை கொஞ்சம் நீளம். வீட்டில் வாங்கிப் போட்ட ஏதோ அழகுத் தமிழ் எழுத்துருவில் செய்திருப்பீர்கள், பள்ளிக் கணினியில் அது இல்லை. வேறு எழுத்துரு வந்து உட்காரும், அகலம் கூடும், இரண்டு வரி மூன்றாகும், ஒவ்வொரு வரிக்கும் நேராக வைத்த அம்புக்குறிகள் வேறு எங்கோ போய்க் குத்தும். அனிமேஷன் தப்பாக ஓடுகிறது என்பார்கள், அனிமேஷன் ஒழுங்காகத்தான் ஓடுகிறது, எழுத்துதான் நகர்ந்துவிட்டது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் இன்னும் மோசம், தமிழே வராது, ஆங்கில எழுத்துகள் குப்பையாக நிற்கும். யூனிகோடில் அடியுங்கள், நிர்மலா யுஐ வையுங்கள், விண்டோஸ் 8-இலிருந்து அது கூடவே வருகிறது. லதா பழைய கணினிகளில் இருக்கும், விண்டோஸ் 10-இல் அது தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்று. வேறு எழுத்துருதான் வேண்டும் என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல் டிக் போட்டுச் சேமியுங்கள், அந்த எழுத்துரு அனுமதித்தால் கோப்போடு கூடவே போகும்.

"திக்கித் திக்கி ஓடுது"

பெரும்பாலும் படத்தின் கனம். தொட்டபெட்டாவில் ஃபோனில் எடுத்த படத்தை அப்படியே இழுத்துப் போட்டு, மூலையைப் பிடித்துச் சின்னதாக்கினால் கண்ணுக்குத்தான் சின்னது, உள்ளே முழுப் படமும் இருக்கும். அப்படிப் பத்துப் படம், ஒவ்வொன்றுக்கும் நிழல், மேலே க்ரோ ஷ்ரிங்க் என்றால் பழைய மடிக்கணினி மூச்சு வாங்கும். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து பிக்சர் ஃபார்மட் மெனுவில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ் அழுத்தி, இந்தப் படத்துக்கு மட்டும் என்ற டிக்கை எடுத்து, 150 பிபிஐ வையுங்கள். ப்ரொஜெக்டருக்கு இது தாராளம்.

பென் டிரைவிலிருந்து நேராக ஓட்டாமல் டெஸ்க்டாப்பில் நகலெடுத்து ஓட்டுங்கள். ப்ரசன்டர் வ்யூ வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள். அப்படியும் திரை வெட்டி வெட்டி வந்தால் செட் அப் ஸ்லைட் ஷோவில் டிஸேபிள் ஹார்ட்வேர் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் டிக் போட்டுப் பாருங்கள். சில கணினியில் அது தீர்வு, சில கணினியில் இன்னும் மெதுவாகும், அப்போது எடுத்துவிடுங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரன்ட் போனால் மடிக்கணினி பேட்டரிக்கு மாறும், மாறினதும் மின்சேமிப்பு முறைக்குப் போய் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடியது மதியம் திக்கினால் முதலில் ப்ளக் பாயிண்டைப் பாருங்கள், அப்புறம் பவர்பாயிண்டை.

"சார்ட் மொத்தமா வருது, பிரிஞ்சு வரமாட்டேங்குது"

எக்ஸெலிலிருந்து படமாக ஒட்டிய சார்ட்டைப் பிரிக்க முடியாது, சார்ட்டாகவே ஒட்டியிருக்க வேண்டும். அப்படி ஒட்டினால் எஃபெக்ட் ஆப்ஷன்ஸில் பை சீரிஸ், பை கேட்டகரி என்று வரும். தேவாலாவின் மாத மழையும் கோத்தகிரியின் மாத மழையும் ஒரே சார்ட்டில் இருந்தால் பை சீரிஸ் வையுங்கள். முதலில் தேவாலா மட்டும் எழும்பி ஜூன், ஜூலையில் உச்சம் காட்டும், தென்மேற்குப் பருவமழையைப் பேசிவிட்டு அடுத்த க்ளிக்கில் கோத்தகிரியைக் கொண்டுவந்தால் வடகிழக்கின் பங்கு தானாகவே தெரியும். அனிமேஷனுக்கு உண்மையான உபயோகம் இருக்கிற இடம் இதுதான், பவுன்ஸ் ஆகி வரும் நன்றி ஸ்லைடில் இல்லை. அச்சுக்கோடுகள் தனி க்ளிக் கேட்டால், ஸ்டார்ட் அனிமேஷன் பை ட்ராயிங் த சார்ட் பேக்ரவுண்ட் டிக்கை எடுங்கள்.

"ஆன்லைன் மீட்டிங்ல அவங்களுக்குத் தெரியலையாம்"

ஜூமில் திரை முழுவதையும் பகிராமல் பவர்பாயிண்ட் ஜன்னலை மட்டும் பகிர்ந்திருந்தால், ஷோ வேறு ஜன்னலில் திறந்து, எதிரில் இருப்பவர்களுக்குப் பழைய எடிட் பக்கம் மட்டுமே தெரியலாம். முழுத் திரையைப் பகிருங்கள். அசைவு விட்டுவிட்டு வருவது நெட்டின் வேகத்தைப் பொறுத்தது, அதற்கு ஸ்லைடில் செய்ய ஒன்றும் இல்லை. அப்பியர், ஃபேட் தவிர மற்றதை எடுத்துவிடலாம்.

"பின்னாடி போனா எல்லாம் முடிஞ்சு நிக்குது"

முந்தைய ஸ்லைடுக்குப் பேஜ் அப் அழுத்திப் போனால் அது முடிந்த நிலையில்தான் வரும், அது அதன் இயல்பு. ஆரம்பத்திலிருந்து ஓட வேண்டுமானால் ஸ்லைடு எண்ணை அடித்து என்டர் தட்டுங்கள், 4 என்டர் என்றால் நாலாவது ஸ்லைடு புதிதாகத் தொடங்கும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

அந்த ஸ்லைடில் பேனில் உள்ள எல்லாவற்றையும் கன்ட்ரோல் ஏ அழுத்தி அழித்துவிட்டு, எந்த வரிசையில் என்ன வரவேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுபடி வையுங்கள். முப்பது வரி பட்டியலில் கோளாறைத் தேடுவதைவிட இது சீக்கிரம் முடியும். ஒரு மாதிரியாக வைத்த எஃபெக்டை மற்றப் பொருள்களுக்கும் ஒட்ட அனிமேஷன் பெயின்டர் இருக்கிறது.

போகிற இடத்தில் என்ன கணினி, என்ன பதிப்பு என்றே தெரியாவிட்டால் ஃபைல், எக்ஸ்போர்ட், க்ரியேட் எ வீடியோ என்று போய் எம்பி4 ஆக்கிக்கொள்ளுங்கள். மார்ஃப், எழுத்துரு எல்லாம் அப்படியே இருக்கும். ட்ரிக்கர் மட்டும் வேலை செய்யாது, க்ளிக்குகளும் தானாக ஓடிவிடும். ஒரு ஸ்லைடுக்கு எத்தனை நொடி என்று கேட்கும் இடத்தில் முதலில் 5 என்று இருக்கும், கூட்டிக்கொள்ளுங்கள். விஎல்சியில் ஓட்டி, நின்று பேச வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் பார் அழுத்தி நிறுத்துங்கள், பேசி முடித்ததும் மறுபடி அழுத்துங்கள்.